ஊரில் என்னவென்று கூப்பிடுவார்கள்?

போன மாதம் மயூரன் தொலைபேசியில் அழைத்தார். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற பயிற்சி நிலையத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. பத்திரிகையாளர்களுக்கு ஆவணங்களைத் தேடவும், பட்டியல்களை ஒப்பிடவும், எண்களுக்குள் கிடக்கும் செய்தியை வெளியே எடுக்கவும் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. லண்டனில் ஃபாரிங்டன் நிலையத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. என் முழங்கால் வலிக்கு அந்தப் படிகள்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

"அக்கா, ஒரு சின்னப் பிரச்சினை. எங்கட ஷீட்டில கடைசியா ஒரு நிரல் இருக்கெல்லே, நீங்கள் போட்டது. புது புரோகிராம் ஒண்டு வந்திருக்கு. ரெண்டு பட்டியலைக் குடுத்தா தானே பொருத்திப் பாத்து, இவரும் அவரும் ஒரே ஆள்தான் எண்டு நிமிசத்தில சொல்லுது. உங்கட நிரலை மட்டும் சிவப்பாக் காட்டுது. எடுத்து விடட்டோ?"

"எடுத்துப் பாரும். வந்து காதைத் திருகுறன்."

சிரித்தார். "எனக்குத் தெரியும் அக்கா, அது ஏன் இருக்குதெண்டு. புதுசா வந்த ஆக்களுக்குத்தான் தெரியாது. ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

அதனால் எழுதுகிறேன். பெயர்களை ஒப்பிடும் எங்கள் அட்டவணையின் கடைசிப் பத்தியான அந்த நிரலின் தலைப்பு ஒரு கேள்வி: "ஊரில் என்னவென்று கூப்பிடுவார்கள்?" பெரும்பாலான வரிசைகளில் அதற்கு நேரே வெறுமையாகத்தான் இருக்கும்.

என் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்க் கரையில் ஒரு சிறிய கத்தோலிக்க ஊர் எனக்கு. அம்மா ஆசிரியை. எனக்குப் பதினொரு வயதானபோது அம்மாவுக்கு மாற்றல் வந்து யாழ்ப்பாணம் போனோம். பிறகு எல்லோரையும் போல நானும் லண்டன் வந்தேன். அப்டன் பார்க்கில் ஒரு புடைவைக் கடையில் ஒரு வருடம் சேலை மடித்தேன். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு கவுன்சிலில் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. பெயர், முகவரி, பிறந்த திகதி. பெயர், முகவரி, பிறந்த திகதி. கணினியில் இருப்பதை எல்லாம் உண்மை என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அது நாலு மணிக்குக் களைத்துப்போன லூசியா தட்டியது என்று எனக்கல்லவா தெரியும். மாலை வகுப்பில் புள்ளிவிபரம் படித்துத் தேறியதும் பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். பிரிஜெட். அயர்லாந்துக்காரி, நெடிய உருவம், ஆடி மாத வெயிலிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருப்பார். பத்திரிகைகளில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

"உங்கள் வேலையில் நீங்கள் விட்ட மிகப் பெரிய பிழை எது?" என்று கேட்டார்.

"ஒரு தெரு முழுவதையும் இறந்தவர்கள் பட்டியலில் ஏற்றிவிட்டேன்" என்றேன்.

"எப்படித் தெரியவந்தது?"

"அந்தத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் போன் எடுத்து, தான் இன்னும் சாகவில்லை என்று சொன்னார்."

பிரிஜெட் சிரிக்கவில்லை. பச்சைப் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார்.

அந்தப் பச்சைப் பென்சிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. பயிற்சிக்கு வந்தவர் எழுதிய ஒரு கட்டுரை அச்சுக்குப் போக முன் பிரிஜெட் அதன் ஒவ்வொரு வசனத்துக்கும் எண் போடுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் கோப்பில் ஒரு தாள் இருக்கவேண்டும்: பதிவேட்டின் பிரதி, கடிதம், பேட்டியின் குறிப்பு, ஏதாவது. தாள் இல்லாத வசனம் வெட்டப்படும், அது எவ்வளவு அழகான வசனமாக இருந்தாலும். ஓரத்தில் இரண்டே இரண்டு கேள்விகள்தான் எழுதுவார். ஒன்று, "எப்படித் தெரியும்?" மற்றது, "வேறு என்னவாக இருக்கலாம்?" முதலாவதற்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைக் கண்டால் கோப்பை மறுபடி முதலிலிருந்து புரட்டவேண்டும்.

யாருடைய முதுகுக்குப் பின்னாலும் நின்று அவர் திரையைப் பார்த்ததில்லை. ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். கோபம் வந்தால் குரல் தாழும். அவர் பேசுவது காதில் விழாமல் போனால் நமக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம். நான் அவரிடம் மிகவும் பயந்தேன். அவரை மிகவும் நேசித்தேன். இரண்டையும் அவரிடம் சொன்னதில்லை.

எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தொழிலில் ஊறியவர்கள். நீதிமன்றச் செய்தி எழுதி எழுதித் தலை நரைத்தவர்கள், எண் என்றால் ஒதுங்கி நிற்பவர்கள். முதல்நாள் காலையில் அவர்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்து, இதில் வயதில் மூத்தவர் யார் என்று கேட்பேன். எல்லோரும் நூற்றுப் பதினேழு வயது மனிதர் ஒருவரைக் கண்டுபிடித்துத் துள்ளுவார்கள். சிலர் தலைப்பே போட்டுவிடுவார்கள். பிறந்த திகதியை யாரும் நிரப்பாமல் விட்டால் சில கணினிகள் ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி என்று தாமே போட்டுக்கொள்ளும். அந்த மனிதருக்கு வயது நூற்றுப் பதினேழு இல்லை. அவருடைய வயதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி மற்றவர்களின் பிழைகளைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கையில் என் பிழை வந்து சேர்ந்தது.

மயூரன் அப்போது பயிற்சிக்கு வந்திருந்தார். வயது நாற்பத்தொன்று. யாழ்ப்பாணத்து இந்துக் குடும்பம். ஒரு பல்பொருள் அங்காடியின் களஞ்சியத்தில் ஷிப்ட் செய்துகொண்டே தமிழ் வானொலியில் வாராந்த நிகழ்ச்சி நடத்தியவர். தேசியப் பத்திரிகை ஒன்று அவரை ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக எடுத்திருந்தது. அதற்குள் ஒரு நல்ல புலனாய்வுக் கட்டுரை தந்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மீண்டும் களஞ்சியம்.

அவரிடம் உண்மையான செய்தி இருந்தது. அப்டன் பார்க் பக்கத்தில் ஒரு கம்பனி தன் வீடுகளைப் பலகை அடித்துப் பிரித்து, ஒரு வீட்டில் ஏழெட்டுக் குடும்பங்களை வைத்திருந்தது. தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை. படங்கள் இருந்தன, குடியிருந்தவர்களின் வாக்குமூலம் இருந்தது. கம்பனியின் இயக்குநர் பெயர் சூசைப்பிள்ளை அந்தோனி. குடியிருந்த ஒருவர், அந்தோனி மன்னார்ப் பக்கம் இன்ன ஊர்க்காரர் என்றும் சொல்லியிருந்தார். அது என் ஊர்.

கம்பனிகளின் பதிவேட்டில் தேடியபோது அதே பெயர் இன்னோர் இடத்திலும் வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளி ஒன்றின் இயக்குநர்களில் ஒருவர் சூசைப்பிள்ளை அந்தோனி. பழைய படிவங்களில் முழுப் பிறந்த திகதியும் இருந்தது. ஜூன் பதின்மூன்று, ஆண்டும் ஒன்று. பள்ளியின் ஆண்டு மலரைப் புரட்டினால் அவரும் அதே ஊர். வீட்டுக் கம்பனிக்குக் கொடுத்த முகவரி ஒரு கணக்காளருடைய அலுவலகம். பள்ளிக்குக் கொடுத்ததுதான் கதவும் ஜன்னலும் உள்ள வீட்டு முகவரி.

"அக்கா, பாருங்கோ" என்றார் மயூரன். திரையை என் பக்கம் திருப்பினார். "பிள்ளையளுக்கு முன்னால நிண்டு நல்லது சொல்லிக் குடுக்கிற ஆள், அங்கால சனத்தை இப்பிடி அடைச்சு வைச்சிருக்கிறார்."

பிரிஜெட்டின் விதி, இரண்டு பட்டியலில் இருப்பவர் ஒரே ஆள் என்று சொல்ல மூன்று விடயம் ஒத்துப்போகவேண்டும் என்பது. பெயர் ஒன்று, பிறந்த திகதி இரண்டு, சொந்த ஊர் மூன்று. மூன்றும் ஒத்தன; ஒரே ஆள்தான் என்று கோப்பில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு முன் பிரிஜெட் என்னிடம் கேட்டார். "இது உங்கள் ஊர் அல்லவா? இந்த மனிதரைத் தெரியுமா?"

"சூசைப்பிள்ளை அந்தோனி என்று யாரையும் எனக்குத் தெரியாது" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊர்க்காரன் என்று லூசியா பார்த்தும் பாராமல் விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அந்த எண்ணம் இல்லாதிருந்தால் இன்னும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்திருப்பேன்.

அடுத்தது கடிதம். ஒருவரைப் பற்றி என்ன எழுதப்போகிறோமோ அதை முழுவதும் அவருக்கு எழுதி அனுப்பி, பதில் கேட்கவேண்டும். பத்து வேலைநாள் தவணை. வீடுகளின் முகவரிகள், பலகைத் தடுப்புகள், குடியிருந்தவர்கள் சொன்னவை எல்லாவற்றையும் இலக்கமிட்டு, தோர்ண்டன் ஹீத் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பிரதி ஒன்று கணக்காளருக்கும் போனது.

இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. தவணை முடியும் பத்தாம் நாள் மயூரன் படியேறி ஓடிவந்தார். பள்ளியின் இயக்குநர் பதவியிலிருந்து அந்தோனி விலகிவிட்டதாகப் பதிவேட்டில் புதிதாக ஏறியிருந்தது.

"ஓடுறார் அக்கா!"

"ஓம், ஓடுறார்" என்றேன் நானும்.

பிரிஜெட் கட்டுரையை எடுத்தார். "கடிதம் கிடைத்ததும் பதவியை விட்டு விலகினார்" என்ற வசனத்துக்கு நேரே பச்சைப் பென்சிலால் எழுதினார்: "வேறு என்னவாக இருக்கலாம்?" பிறகு என்னைப் பார்த்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"யாராவது போய் அவருடைய கதவைத் தட்டினீர்களா?"

இல்லை.

"அவருடைய மொழியில் பேசக்கூடிய ஒருவர் தட்டுவது நல்லது."

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் தோர்ண்டன் ஹீத்துக்கு ரயில் ஏறினேன். மயூரனை வரவேண்டாம் என்றேன். கடைத்தெருவில் கருவாட்டு வாசமும் கொத்துரொட்டித் தாளமுமாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒட்டிக் கட்டிய சின்ன வீடு. கதவைத் திறந்த பெண்மணியிடம் என் பெயரையும் நிலையத்தின் பெயரையும் சொன்னேன். அவருடைய முகம் வெளிறியது. ஆனாலும், "உள்ளுக்கு வாங்கோ, மழை தூறுது" என்றார். அவர் அந்தோனியின் மனைவி றெஜினா.

அந்தோனி அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். பஸ் ஓட்டுநரின் சீருடையை இன்னும் கழற்றவில்லை. முன்னறையில் புனித அந்தோனியாரின் சுருவம், ஒரு முழ உயரச் சிலை. அதன் காலடியில் எங்கள் கடிதம். உறையின் விளிம்பு நேராக, கத்தரியால் வெட்டித் திறந்திருந்தது.

"இருங்கோ. ரீ குடிக்கிறியளோ?" என்றார். பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் அவருக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் அதற்குள் இருந்தது. "எல்லாத்தையும் பாத்திட்டன். ரெண்டு கிழமையாப் பாக்கிறன். அந்த வீடுகளை நான் எப்ப வாங்கினனான் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு ஞாபகம் வருகுதில்லை."

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறக்க, அவரே தொடர்ந்தார்.

"எங்கயோ ஒரு ஃபோர்மில பிழையாக் கையெழுத்து வைச்சிட்டன் போல. முந்தி எனக்கு இங்கிலீஸ் காணாது. ஆரும் நீட்டினா வைப்பன். அப்பிடி ஏதும் நடந்திருக்கும்."

"அப்ப ஏன் எங்களுக்குப் பதில் எழுதேல்லை?"

"என்னத்தை எழுதிறது? இல்லை எண்டு எழுதிப்போட்டு, பிறகு கையெழுத்து என்ர எண்டு வந்தா?" கையை விரித்தார். "பள்ளிக்கூடத்தால விலகிட்டன். பிள்ளையளுக்கு முன்னால நிக்கிற இடமெல்லே. என்ர பேர் கெட்டா அது அதுகளிலயும் படும்."

றெஜினா சமையலறை வாசலில் நின்றார். "ரெண்டு கிழமையா மனிசன் நித்திரை இல்லை" என்றார். "பதினாறு வருசமா ஒரு சனிக்கிழமையும் விடேல்லை. இண்டைக்குத்தான் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு ஷிப்டுக்குப் போனவர்."

கடிதத்தை எழுதியவள் நான்தான். அவருக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தப் பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். அடியில் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் ஞானஸ்நானச் சீட்டு. எங்கள் ஊர்க் கோயிலின் முத்திரை. பிறந்த திகதி: ஜூன் பதின்மூன்று. ஞானஸ்நானம் பெற்ற திகதி: ஜூன் பதின்மூன்று. ஒரே மை, ஒரே கை.

கவுன்சிலில் பன்னிரண்டு வருடம் திகதிகள் ஏற்றிய கண் அங்கே நின்றது. வீட்டில் பிறந்த பிள்ளையைப் பிறந்த அன்றே யார் கோயிலுக்குத் தூக்கிப்போவார்கள்?

"இது உங்கட சரியான பிறந்தநாளோ?"

"சேச்சே. சித்திரையில பிறந்தனான் எண்டு அம்மா சொல்லுவா. எங்கட ஊரில அந்தோனியார் திருநாளுக்கு, முன்பின் பிறந்த பிள்ளையளை எல்லாம் ஒண்டாக் கொண்டுபோய் ஞானஸ்நானம் குடுக்கிறது. பெடியன் எண்டா அந்தோனி. பிறகு பதியப் போகேக்க, பங்குச் சாமியாற்ர புத்தகத்தில என்ன திகதி இருக்கோ அதுதான் பிறந்தநாள்." பேசிக்கொண்டே நிறுத்தி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எங்கட ஊரைத் தெரியுமோ?"

"நானும் அந்த ஊர்தான்."

"ஆற்ர பிள்ளை?"

"ரீச்சர் வீட்டு லூசியா."

அவருடைய முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் வெளிச்சம் வந்தது என்று றெஜினா பின்னால் சொன்னார். "கண்ணாடி லூசியாவோ! எட்டு வயசில கண்ணாடி போட்டு, எல்லாரும் பகிடி பண்ணி, கோயில்ல ஒளிச்சிருந்து அழுத லூசியா! நான்தானே உமக்கு மணிக்கயிறை இழுக்கத் தந்தனான்!"

மணி அந்தோனி. தகப்பனோடு சேர்ந்து கோயில் மணி அடித்தவர். எனக்கு மூன்று வயது மூத்தவர். என் அழுகையை நிறுத்துவதற்காக நேரமில்லாத நேரத்தில் மணியடிக்க விட்டு, சாமியாரிடம் குட்டு வாங்கியவர். அவருடைய தகப்பன் பெயர் சூசைப்பிள்ளை என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் யார் யாரைப் பதிவுப் பெயரால் அழைத்தார்கள்?

"அந்தோனி அண்ணை" என்றேன். ஞானஸ்நானச் சீட்டை அவர் முன்னால் நகர்த்தினேன். "எங்கட ஊரில எத்தினை அந்தோனி?"

விரல் மடித்தார். "மணி அந்தோனி நான். சம்மாட்டி அந்தோனி. நெட்டை அந்தோனி. கிணத்தடி அந்தோனி, அவன் இப்ப இல்லை. லண்டனில ரெண்டு பேர், நானும் சம்மாட்டியும். ரெண்டு பேருக்கும் ஒரே திருநாளில, ஒரே தண்ணியில ஞானஸ்நானம். அவன்ர தேப்பனும் சூசைப்பிள்ளைதான்."

சம்மாட்டி அந்தோனி, வலையும் வள்ளமும் வைத்திருந்த வீட்டுப் பையன். பெயர், திகதி, ஊர் என்று மூன்று சாட்சிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டேனே, அவை மூன்று சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி மூன்று தரம் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்திருந்தது. அந்த ஊர் என்பதால்தான் அந்தப் பெயரும் அந்தத் திகதியும். இதைத் தெரிந்துகொள்ளப் புள்ளிவிபரம் படித்திருக்கத் தேவையில்லை. டிசம்பர் பதின்மூன்று, லூசியம்மாள் திருநாளில் பிறந்ததாகப் பாஸ்போர்ட்டில் வைத்திருக்கும் எனக்கு, அது உண்மையான நாள் அல்ல என்று அம்மா சொல்லி வளர்த்த எனக்கு, தெரிந்திருக்கவேண்டும்.

"சம்மாட்டி லண்டனில இருக்கிறது உங்களுக்குத் தெரியும். ஏன் அண்ணை அதைச் சொல்லேல்லை? ஒரு வரி எழுதியிருந்தாக் காணுமே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவன்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "தெரியாமல் இன்னொருத்தன்ர பேரைச் சொல்லலாமோ, லூசியா?"

நான் அழுதேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக்கூட இல்லை. பிரிஜெட் இத்தனை வருடமாகத் தாளின் ஓரத்தில் எழுதிவந்த முதல் கேள்வியை, பஸ் ஓட்டிவிட்டு வந்த ஒரு மனிதர், தன் பெயர் போய்க்கொண்டிருந்த நேரத்தில், இன்னொருவருக்காகத் தனக்குள்ளே கேட்டிருக்கிறார். பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்ட நாங்கள் ஒருவரும் அவருக்காக அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிரிஜெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரைப் பச்சைப் பென்சிலால் எழுதினார். "மூன்று போதும் என்று சொன்னது நான். அந்த மூன்றும் ஒன்றையொன்று அறிந்தவையா என்று கேட்கச் சொல்லவில்லை" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எப்போதும் பேசவில்லை.

அன்று பின்னேரமே என்னோடு தோர்ண்டன் ஹீத்துக்கு வந்தார். மன்னிப்புக் கடிதத்தைக் கையால் எழுதியிருந்தார். அந்தோனி அண்ணையின் மேசையில் அவர் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். "உங்கள் மௌனத்தை நாங்கள் தவறாகப் படித்தோம்" என்ற வரியை நான் இரண்டு தரம் சொன்னேன். பிரிஜெட் காத்திருந்தார். றெஜினா அக்கா அவருக்கு மீன் கட்லட் வைத்தார். நாலு சாப்பிட்டார்.

மயூரனிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவருடைய கட்டுரையின் பாதி போய்விட்டது. பள்ளிக்கூட மனிதரின் மறுபக்கம் என்பதுதான் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்த பாதி. மயூரன், பிரிஜெட் கேள்வி எழுதியிருந்த தாளைத் தேடி எடுத்தார்.

"அந்த மனிசன் விலகினதைப் பாத்து நான் துள்ளினனான் அக்கா" என்றார். "சந்தோசத்தில துள்ளினனான்."

மூன்று கிழமை மீண்டும் அலைந்தார். கணக்காளரின் அலுவலக வாசலில் நின்று உண்மையான ஆளான சம்மாட்டி அந்தோனியைக் கண்டார், பேசினார், அவருடைய பதிலையும் வாங்கினார். கட்டுரை ஒரு பக்கமாகத் தயாரானது. அப்போதுதான் பிரிஜெட் ஒன்று சொன்னார். பெயரும் வயதும் ஊரும் ஒன்றாக இருக்கையில், இதை அச்சிட்டால் தமிழ்ச் சனம் யாரை நினைக்கும்? அதனால் ஒரு வசனம் சேர்க்கவேண்டும்: "இவர் தோர்ண்டன் ஹீத்தில் வசிக்கும், இதே பெயருடைய பஸ் ஓட்டுநர் அல்லர்." அதை அந்தோனி அண்ணையிடம் கேட்டோம். போடுங்கோ என்றார்.

பத்திரிகையிலிருந்து மாலையில் போன் வந்தது. பக்கத்தில் இடமில்லை, அந்த வசனத்தை எடுக்கலாமா? மயூரன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிரிஜெட் பச்சைப் பென்சிலை அவர் பக்கம் உருட்டிவிட்டார். கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வசனம் இருந்தது, பலகைத் தடுப்புக்கு அப்பால் இருமும் குழந்தையைப் பற்றியது. மயூரன் அதை ஒரு கிழமை செதுக்கியிருந்தார். நானே பொறாமைப்பட்ட வசனம்.

"முதல் வசனத்தை எடுங்கள்" என்றார் போனில். "கடைசி வசனம் இருக்கட்டும்."

அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது; சில வருடங்களுக்குப் பிறகு எங்கள் நிலையத்துக்கே பொறுப்பாகத் திரும்பி வந்தார். அந்தோனி அண்ணையைப் பள்ளிப் பெற்றோர் கூட்டமாகப் போய்த் திரும்ப அழைத்துவந்தார்கள். அடுத்த பயிற்சி தொடங்க முன் நான் எங்கள் ஷீட்டில் அந்தக் கடைசி நிரலைச் சேர்த்தேன். அதை நிரப்பக் கணினியால் ஏலாது. நிரப்பவேண்டும் என்றால் ஆள் போய்க் கதவைத் தட்டவேண்டும். அதற்காகத்தான் மயூரன், அது அங்கே இருக்கிறது. சிவப்பாகக் காட்டினால் காட்டட்டும்.

பிரிஜெட் போன குளிர்காலத்தில் காலமானார். அவருடைய தங்கை எனக்கு ஒரு சின்னப் பொதி அனுப்பியிருந்தார். பாதி தேய்ந்த பச்சைப் பென்சில். இதை எழுதி முடித்து, வசனங்களுக்கு அதால் எண் போட்டேன். ஒருவரைப் பற்றி எழுதினால் அச்சுக்கு முன் அவருக்குக் காட்டவேண்டும் என்பது விதி. ஆகவே நேற்று முழங்காலைச் சபித்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். அந்தோனி அண்ணையும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்து, மேலே கிடந்த பத்திரிகைத் துண்டைக் காட்டினார். கட்டுரை முழுவதும் இல்லை. கடைசி வசனத்தை மட்டும் வெட்டி ஒட்டிவைத்திருந்தார்.

"ஏதாவது பிழை இருக்கோ, அண்ணை? மாத்தவேணுமோ?"

"பிழை இல்லை." துண்டை என் பக்கம் திருப்பினார். "அப்ப பேப்பரில நான் ஆர் இல்லை எண்டுதானே போட்டவை. இதில நான் ஆரெண்டு போடும்."

"என்னெண்டு போட?"

"மணி அந்தோனி எண்டு."

போட்டுவிட்டேன்.